தானியக் கிடங்கில் முடி உருண்டைகள்: அந்த எபிசோடின் முடிவு யாருக்காவது நினைவிருக்கிறதா?

மண்டிக்காரர்_மகன் எழுதியது:

எண்பதுகளின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் போடுவார்கள். எங்கள் வீடு வேலூர் லாங்கு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நைனாவுக்கு அரிசி மண்டி. (அப்பாவை நைனா என்று கூப்பிடும் வீடு எங்களுடையது.) கூடத்தில் ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளை டயனோரா. சந்தில் அது இரண்டாவது டி.வி. என்பதால் ஞாயிறு காலையில் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆங்கிலத்தில் என் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். அண்ணன் பத்தாம் வகுப்பு. கூட்டத்துக்கு அவன்தான் மொழிபெயர்ப்பாளர். கூர்க்காது ஸ்பாக் ஒரு வரி பேசினால் அண்ணன் மூன்று வரி சொல்லுவான். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஒரு வாரம் வந்த கதை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. விண்வெளி நிலையம் ஒன்றில் ஒரு வியாபாரி முடி உருண்டை போன்ற பிராணியை விற்கிறான். அதற்குக் கண் கிடையாது, கால் கிடையாது. தடவிக்கொடுத்தால் பூனை போலக் குறுகுறுக்கும். அது குட்டி போட்டுக் குட்டி போட்டுக் கப்பல் முழுக்க நிரம்பிவிடும். கேப்டன் கிர்க் தானியக் கிடங்கின் மேல் கதவைத் திறந்ததும் அத்தனையும் அவர் தலையில் கொட்டும். உருண்டைக் குவியலுக்குள் மார்பளவு புதைந்து நிற்பார்.

நைனா சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அன்று வாய்விட்டுச் சிரித்தார். "கிடங்குக் கதவைத் திறக்கும்போது ஓரமாக நிற்க வேண்டும் என்றுகூடத் தெரியாதவனை யார் கேப்டனாக வைத்தது?" என்றார். மண்டி ஆட்கள் இருவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது வேறு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

முடிவை அண்ணன்தான் சொன்னான். உருண்டைகள் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்குகின்றனவாம். மலை அளவு பெரிய தாய் உருண்டை ஒன்று தனிக் கப்பலில் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகுமாம். போகும்போது கேப்டனுக்கு ஒரு குட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகுமாம். நாற்பது வருடமாக நான் இதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் மகளிடம் சொன்னேன். "கையே இல்லாத உருண்டை கப்பலை எப்படி ஓட்டியது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

கிர்க் மார்பளவு புதைந்து நின்றதைப் பார்த்தேன் என்கிறீர்களே, உங்கள் வீட்டில் படம் அவ்வளவு தெளிவாகவா வந்தது? எங்கள் ரயில்வே குடியிருப்பில் கிர்க் எது, உருண்டை எது என்று பிரித்தறிய முடியாது. எல்லாம் புள்ளி மயம். வேலூரைப் பற்றி ஒரு பட்டியல் சொல்லுவார்களே: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் லிங்கத்தை மறுபடி கொண்டுவந்து வைத்ததும் பட்டியலில் ஓர் இடம் காலியாகிவிட்டது. என் மாமா அதில் 'படம் இல்லாத டி.வி.' என்பதைச் சேர்த்துவிட்டார்.

முடிவு எனக்கு நினைவில்லை. அந்த விண்வெளி விவகாரத்தில் எனக்குப் பெரிய பிடிப்பும் இல்லை. அட்டையில் செய்த பாறை, பைஜாமா போன்ற சீருடை. என் ஓட்டு சிரிப்புத் தொடர்களுக்குத்தான். 1984-இல் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி'யைச் சொல்லுங்கள். சதீஷ் ஷா வாரம் ஒரு வேடத்தில் வருவார். இந்த வாரம் என்னவாக வரப்போகிறார் என்று எங்கள் வரிசை வீடுகளில் பந்தயமே நடக்கும். என் தாத்தா 1965-இல் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போனவர். அவரும் உட்கார்ந்து பார்ப்பார். சத்தத்தை மட்டும் முழுவதும் குறைத்துவிடச் சொல்லுவார். காதில் விழாதவரை கொள்கைக்குப் பங்கம் இல்லையாம்.

அப்புறம் 'டிடீஸ் காமெடி ஷோ'. ஜெர்மானிய நடிகர் டீட்டர் ஹாலர்ஃபோர்டன். டிடி என்பது தூர்தர்ஷனின் சுருக்கம், இவர் தூர்தர்ஷன் ஊழியர் என்றே நாங்கள் வெகுநாள் நினைத்திருந்தோம்.

ராணிப்பேட்டை_ஷட்டர் எழுதியது:

முப்பது வருடம் டி.வி. பழுது பார்த்தவன் என்ற முறையில் காட்பாடிக்காரருக்கு ஒரு விளக்கம். படம் வராததற்கு டி.வி. காரணம் இல்லை ஐயா. சென்னை நிலையம் 1975-இல் தொடங்கியது. வேலூர் அங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர். போதாததற்குக் கிழக்கே, சென்னை இருக்கும் திசையிலேயே, மலைக்கோட்டைகள் நிற்கும் அந்த மொட்டை மலைகள் குறுக்கே நிற்கின்றன. மொட்டை மாடியில் இருபது அடி குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்தால் நல்ல நாளில் முகம் தெரியும். காற்று அடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். ஒருவன் மாடியில் நின்று திருப்ப, ஒருவன் முற்றத்தில் நின்று "வருகிறது, வருகிறது, போய்விட்டது" என்று கத்த வேண்டும்.

1984-இல் நாடு முழுவதும் குறைந்த சக்தி ரிலே நிலையங்களைப் போட்டுக்கொண்டே போனார்கள். நூறு வாட்தான். இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்குத் தெளிவாக எடுக்கும். ஆனால் அவை இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழியாக வரும் டெல்லி நிகழ்ச்சியை வாங்கி அப்படியே விடும். சென்னையின் தமிழ் நிகழ்ச்சி அதில் வராது. ஆக இந்தியும் ஆங்கிலமும் கண்ணாடி போலத் தெரியும், தமிழ் மட்டும் புழுதிப் புயலில் தெரியும். மண்டிக்காரர் வீட்டில் கிர்க் தெளிவாகத் தெரிந்த ரகசியம் இதுதான். கூர்க்காது ஸ்பாக் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர், 'ஒலியும் ஒளியும்' அயல்நாடு.

ஆரணிப்பட்டு எழுதியது:

அதுதானே பார்த்தேன். ஒருவராவது தமிழில் ஒரு தொடரைச் சொல்லுவீர்கள் என்று காத்திருந்தேன். மெக்கானிக் அண்ணன் மலைமேல் பழியைப் போட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் நாலு தறி. டி.வி. பக்கத்து வீட்டில், சன்னலுக்கு நேராக. குழித்தறியில் உட்கார்ந்திருப்பவளுக்குச் சன்னலின் அடிக்கட்டைதான் தெரியும். படம் தெரியாது, வசனம் மட்டும் கேட்கும். எஸ்.வி. சேகரின் 'வண்ணக் கோலங்கள்' முழுவதையும் நான் அப்படித்தான் 'பார்த்தேன்'. நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட்டுவதற்குள் மூன்று ஜோக் போய்விடும். சிரித்தால் கை தவறும், இழை அறுந்தால் அம்மா திட்டுவார். வாயை மூடிக்கொண்டு சிரிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். நீங்கள் எல்லோரும் வசனம் புரியாமல் படம் பார்த்திருக்கிறீர்கள். நான் படம் தெரியாமல் வசனம் கேட்டிருக்கிறேன். நான்தான் அதிகம் சிரித்திருப்பேன்.

அறிவியல் கதையும் சிரிப்பும் ஒன்றாக வேண்டுமென்றால் அதற்கும் தமிழில் ஆள் உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்ததே, மறந்துவிட்டீர்களா? விகடனில் வந்தபோதே வாரம் தவறாமல் வாசித்திருந்தேன். அதற்காக மட்டும் தறியை விட்டு எழுந்து போய்ச் சன்னலில் நின்றேன். ஜீனோ என்ற இயந்திர நாய், எசமானியைவிட நன்றாகப் புத்தகம் படிக்கும், குத்தலாகப் பேசும். மனதில் நான் வளர்த்து வைத்திருந்த ஜீனோ வேறு, திரையில் வந்த ஜீனோ வேறு. முதல் வாரம் எனக்குக் கோபமே வந்தது. மூன்றாவது வாரம் இதையும் பிடித்துவிட்டது. கதையில் பிள்ளை பெறவே அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். எங்கள் தெருவில் அப்போது குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் பெண்களுக்கு அந்தக் கதை கற்பனைக் கதையாகத் தோன்றவே இல்லை.

பாலாறு_2004 எழுதியது:

நான் பிறந்த வருடம்தான் பெயரில் இருக்கிறது, அதனால் ஒரு சந்தேகம். ஞாயிறு காலை மின்சாரம் போய்விட்டால் அந்த எபிசோட் அவ்வளவுதானா? மறுநாள் எங்கேயும் கிடைக்காதா?

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

அவ்வளவுதான் தம்பி.

குடியாத்தம்_கணக்கு எழுதியது:

ஓய்வு பெற்ற கணக்காசிரியன் நான். மண்டிக்காரர் கேட்ட எபிசோடை வகுப்பறையில் பல வருடம் பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் முடிவு தெரியும். பிராணியின் பெயர் டிரிபிள் (tribble). அமெரிக்காவில் 1967 டிசம்பர் 29 அன்று முதலில் ஒளிபரப்பானது. எழுதியவர் டேவிட் ஜெரால்ட், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். மொத்தம் 79 எபிசோடுகளில் சிரிப்புக்கென்றே எழுதியவை சில. அவற்றில் இதற்குத்தான் முதலிடம் என்பது என் தீர்ப்பு.

கிடங்கில் எத்தனை உருண்டை என்று ஸ்பாக் ஒரு கணக்குச் சொல்லுவார். ஓர் உருண்டை பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துக் குட்டி போடுகிறது, மூன்று நாள் ஆகிறது, ஆகவே 17,71,561. மாணவர்களிடம் சரிபார்க்கச் சொல்லுவேன். தாயும் பத்துக் குட்டியும் சேர்ந்து பதினொன்று. மூன்று நாளில் ஆறு தடவை. பதினொன்றை ஆறு முறை பெருக்கினால் சரியாக அந்த எண்தான் வரும். பிறந்த குட்டியும் அடுத்த வேளையே பத்துப் போட வேண்டும் என்பதைக் கவனித்துக் கேள்வி கேட்டவன் என் இருபத்தெட்டு வருடத்தில் ஒரே ஒரு பையன். அந்த உருண்டைகள் பிறக்கும்போதே கர்ப்பத்தோடு பிறக்கின்றன என்று கதையிலேயே பதில் இருக்கிறது.

இனி முடிவு. தெரிய வேண்டாம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திவிடுங்கள். உருண்டைகள் தூங்கவில்லை. கொட்டியவற்றில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. கிடங்கிலிருந்த தானியத்தில் எதிரியின் ஒற்றன் நஞ்சு கலந்திருந்தான். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாமல் செய்யும் நஞ்சு. அதாவது வயிறு நிறைய இருக்க, பட்டினியால் செத்தன. உருண்டைகள் செத்ததால்தான் ஒரு கிரகத்தின் மக்கள் பிழைத்தார்கள். எதிரி இனத்தைக் கண்டால் உருண்டை கீச்சிடும் என்பதை வைத்து ஒற்றனையும் பிடித்துவிடுவார்கள். கப்பலில் மிச்சமிருந்த உருண்டைகளை என்ஜினியர் ஸ்காட்டி எதிரியின் கப்பலுக்குள்ளேயே அனுப்பிவைத்துவிடுவார்.

தாய் உருண்டை எதுவும் வராது. மன்னிக்கவும்.

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

நஞ்சு கலந்த தானியம், செத்த பிராணிகள். இதைத்தான் சிரிப்புக் கதை என்கிறீர்களா வாத்தியார்?

அந்தத் தொடரின் அறுவை சிகிச்சைக் கருவிகளைப் பற்றியும் மாணவர்களிடம் சொன்னீர்களா? ஒரு காட்சிக்காக நவீன வடிவில் உப்புக் குப்பிகள் வாங்கிவந்தார்கள். பார்ப்பவர்களுக்கு உப்புக் குப்பி என்றே தெரியாது என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, டாக்டர் மெக்காய் கையில் மருத்துவக் கருவியாகக் கொடுத்துவிட்டார்கள். உப்புக் குப்பியால் வைத்தியம் பார்த்த டாக்டரைத்தான் நீங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

குடியாத்தம்_கணக்கு எழுதியது:

தெரியும். தரையிறங்கும் காட்சி எடுக்கப் பணம் இல்லாததால்தான் ஆளை ஒளியாக்கி இறக்கும் கருவியே கதைக்குள் வந்தது என்பதும் தெரியும். எங்கள் பள்ளியில் சோதனைக் குழாய் இல்லாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வேதியியல் நடத்தியிருக்கிறோம். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

தொட்டப்பாளையம் எழுதியது:

மருத்துவக் கருவி என்றதும் நினைவு வந்தது. வீடியோ கேசட் காலத்தில் ஒரு நண்பர் 'யெஸ் மினிஸ்டர்' என்ற பிரிட்டிஷ் சிரிப்புத் தொடரைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஒரு மருத்துவமனை. நிர்வாகத்துக்குச் சுமார் 500 பேர், நோயாளி ஒருவர்கூடக் கிடையாது. நோயாளி இல்லாததால்தான் மருத்துவமனை இவ்வளவு சிறப்பாக நடக்கிறது என்று அதிகாரி வாதாடுவார். விடிவதற்கு முன்பே நாலு மாநிலத்து நோயாளிகள் வரிசையில் நிற்கும் ஊரில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். எங்களைப் பொறுத்தவரை அதுதான் அறிவியல் புனைகதை.

ஆலங்காயம்_அக்கா எழுதியது:

இழையை இப்போதுதான் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் விண்வெளியைப் பெட்டியில் தேடிக்கொண்டிருந்த காலத்தில், அது எங்கள் மலைமேல் இருந்தது. காவலூர் வானாய்வகம். அப்போது அதுவும் வட ஆற்காடு மாவட்டம்தானே, 1989-இல்தானே மாவட்டத்தைப் பிரித்தார்கள். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து அங்கிருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைனு பாப்பு பெயரைச் சூட்டினார். ஹாலி வால்நட்சத்திரம் வந்த வருடமும் அதுதான்.

எங்கள் பள்ளியிலிருந்து ஒரு சனிக்கிழமை மாலை வேனில் கூட்டிப் போனார்கள். பொதுமக்களுக்குக் காட்டுவது சின்னத் தொலைநோக்கியில். மலையில் குளிர், நாங்கள் சால்வை எடுத்துப் போகவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர். என் முறை வந்தபோது மேகம் மூடிவிட்டது. பின்னால் இருந்த பையன் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று சென்னைத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் குரலிலேயே சொன்னான். இருட்டில் ஐம்பது பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அரை மணி கழித்து மேகம் விலகி, சனிக்கோளை வளையத்தோடு பார்த்தேன். எலுமிச்சை விதை அளவுதான் இருந்தது. அசையவில்லை, பின்னணி இசை இல்லை. முதலில் எனக்கு ஏமாற்றம். வீடு திரும்பும் வழியில்தான், அது உண்மையில் அங்கே இருக்கிறது என்பது உறைத்து, வேனில் யாரோடும் பேசாமல் வந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, 1988-இல், அதே மலையில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் பெயரை வைத்தார்கள். கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்கும் என்று சொல்லிவைக்கிறேன்.

குடியாத்தம்_கணக்கு எழுதியது:

4130-ஆம் எண் குறுங்கோள். பிடிக்கும் அம்மா.

மண்டிக்காரர்_மகன் எழுதியது:

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அந்த எபிசோடை இணையத்தில் தேடி, மகளோடு உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். ஐயா சொன்னதெல்லாம் சரி. கேப்டன் தலையில் கொட்டும் காட்சி முடிந்து சிறிது நேரத்தில் "இவை செத்துவிட்டன" என்ற பேச்சு வருகிறது.

அங்கே நிறுத்திவிட்டேன். நான் இத்தனை நாளாக மறந்திருந்த ஒன்று அப்போது ஞாபகம் வந்தது. அன்று மின்சாரம் போனதும் கூட்டம் கலைந்தது. அண்ணன் தாய் உருண்டைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். நைனா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே மண்டி ஆளிடம், "மருந்து வைத்த தானியம்" என்றார். மறுநாள் வரவிருந்த சரக்கைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எந்நேரமும் அதுதானே பேச்சு: வண்டு, எலி, மருந்து, ஈரப்பதம்.

நைனாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாது. விண்கப்பல் என்றால் என்ன என்றும் கேட்டதில்லை. நிரம்பியிருக்க வேண்டிய கிடங்கு, உள்ளே நுழைந்த பிராணி, மேலே விழுந்தும் ஓடாமல் கிடக்கும் உடல்கள். அது போதுமாக இருந்திருக்கிறது. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

பாலாறு_2004 எழுதியது:

அப்படியானால் உங்கள் அண்ணன்? அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்றீர்களே.

மண்டிக்காரர்_மகன் எழுதியது:

தம்பி கேட்டதால் இன்று காலை ஓசூருக்கு அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல், "ஏன், இப்போது யார் கேட்டார்கள்?" என்றான். அப்புறம் ஒப்புக்கொண்டான். பள்ளி ஆங்கிலத்துக்கும் கிர்க் பேசும் ஆங்கிலத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். முதல் வாரம் பத்துப் பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் ஏதோ சொல்லிவைத்தானாம். எல்லோரும் நம்பிவிட்டார்கள். அதனால் இரண்டாவது வாரமும் சொன்னான். மூன்றாவது வாரத்திலிருந்து சனிக்கிழமை இரவே கொஞ்சம் யோசித்து வைத்துக்கொள்வானாம்.

ஆக, நான் ஸ்டார் டிரெக் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் எவ்வளவு ஸ்டார் டிரெக், எவ்வளவு லாங்கு பஜார் என்று இனிமேல் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஸ்பாக்கின் அம்மா பூமியைச் சேர்ந்த பெண் என்பதை நான் இதுவரை நம்பாமல் இருந்தேன், அது அண்ணன் கட்டிவிட்டது போலத் தோன்றும். பார்த்தால் அது மட்டும் உண்மையாம்.

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

விண்வெளி விவகாரத்தில் பிடிப்பில்லை என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் அண்ணன் சொன்ன மற்றக் கதைகளையும் ஒவ்வொன்றாக இங்கே எழுதுங்கள். அசலை நான் பார்த்ததில்லை. எனக்கு அசல் வேண்டியதும் இல்லை.

ஆரணிப்பட்டு எழுதியது:

என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் வசனத்தோடு எழுதுங்கள் அண்ணா, நான் கேட்டுத்தான் பழக்கம்.

மண்டிக்காரர்_மகன் எழுதியது:

அண்ணன் தீபாவளிக்கு வருகிறான். அதற்குள் எனக்கு நினைவிருப்பதில் ஒன்று. ஒரு கிரகத்தில் எல்லோரும் கல்லாகிவிடுகிறார்கள். டாக்டர் மெக்காய் தன் உப்புக் குப்பியை எடுத்து, ஆமாம் காட்பாடி ஐயா, அண்ணன் அன்றைக்கே அதை உப்புக் குப்பி என்றுதான் சொன்னான்...